மூச்சுக் கருவியின் விலையை ஏன் மறைக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் ஆப்னியா நோய்க்கு டாக்டர்கள் எழுதித் தருவது சிபாப் மெஷின். மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்கிற கருவி அது. அதையும் அதன் உதிரிகளையும் இணையத்தில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எந்தக் கடையின் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு மாடலுக்கு ஒரே விலைதான், கடைசி இலக்கம் வரைக்கும். செல்போனுக்கும் செருப்புக்கும் ஆளுக்கொரு விலை போட்டு அடித்துக்கொள்கிற இணையக் கடைகள் இதில் மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன? பல சமயம் அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட விலையே இல்லை அது. கருவியைச் செய்கிற கம்பெனி மேலிருந்து சொல்லி அனுப்பிய விலை.

என் கணவர் பல வருடங்களாக சிபாப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். மாஸ்க், டியூப், பில்டர் எல்லாம் தேடி வாங்குவது என் பொறுப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதியவள் நான். கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்பும் விலைக் கடிதங்களைப் படித்துப் பழக்கம் உண்டு. அதனால் இது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கம்பெனி தன் டீலர்களுக்கு ஒரு குறைந்தபட்ச விளம்பர விலையை அறிவிக்கும். அதற்குக் கீழே எந்த விலையையும் வெளியே காட்டக்கூடாது. குறைத்து விற்பதைத் தடுப்பதில்லை, குறைத்துக் காட்டுவதைத்தான் தடுக்கிறோம் என்று இதற்கு விளக்கமும் வைத்திருப்பார்கள். மீறினால் அந்த டீலருக்குச் சரக்கு நின்றுவிடும். இன்னும் கறாரான கம்பெனிகள், இந்த விலைக்குக் கீழே விற்கவே கூடாது, விற்றால் உங்களோடு எங்களுக்கு வியாபாரம் இல்லை என்று ஒரேயடியாக அறிவித்துவிடும்.

தெருவில் இருக்கிற கடை என்றால் விளம்பரம் வேறு, விற்பனை வேறு. பேப்பரில் போட்ட விலை ஒன்றாக இருந்தாலும் உள்ளே போய்க் கேட்டால் குறைத்துத் தருவார்கள். இணையக் கடையில் அப்படியா? அங்கே விளம்பரப் பலகை, அலமாரி, விலைச்சீட்டு எல்லாமே அந்த ஒரு பக்கம்தான். அதில் விலையைக் காட்டக்கூடாது என்றால் குறைத்து விற்காதே என்பதுதான் அதன் பொருள்.

இதில் கடைக்காரர்கள் படும் பாட்டையும் பார்க்கிறேன். படத்துக்குப் பக்கத்தில் விலை இருக்க வேண்டிய இடத்தில் "விலையைக் காண கூடையில் சேர்க்கவும்" என்று மட்டும் இருக்கும். கூடையில் சேர்த்தால் பெயர், போன் நம்பர், முகவரி என்று வரிசையாகக் கேட்கும். எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, பணம் கட்டும் பக்கத்தில்தான் உண்மையான விலை தெரியும். நான்கு கடைகளை ஒப்பிட வேண்டுமென்றால் நான்கு இடத்திலும் இதே வேலை. வேறு சிலர் மாஸ்க்கோடு பில்டர் பாக்கெட் இலவசம், துடைக்கிற ஈரத்தாள் இலவசம் என்று சேர்த்துத் தருகிறார்கள். விலையில் குறைக்க முடியாததை இப்படிக் குறைக்கிறார்கள். ஒரு டீலர் போனில் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "அம்மா, நீங்க கேட்டா நான் குறைச்சுத் தர்றேன். ஆனா சைட்ல போட்டா எனக்கு ஸ்டாக் வராது."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்றால், கேட்கத் தெரியாதவர் முழு விலையைக் கொடுக்கிறார் என்றுதானே அர்த்தம்? இந்த நோயில் அவர் யார் என்று பாருங்கள். பரிசோதனையில் மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் அது கடுமையான நிலை. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. இரவெல்லாம் இப்படிப் போனால் பகலில் தலை கனக்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், படித்தது நிற்காது. சிபாப் வருவதற்கு முன்னால் என் கணவர் ஒரு படிவத்தைக்கூட முழுதாகப் படித்து முடிக்க மாட்டார். அந்த நிலையில் இருப்பவரைப் பார்த்து, கூடையில் சேர்த்துப் பார், போன் போட்டுப் பேரம் பேசு என்கிறோம். விலையை விசாரிக்கத் தேவையான நிதானத்தைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது.

இதை யாரோ சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. உலகம் முழுவதும் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 93.6 கோடி பேருக்கு இந்த நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மெஷினை விட எனக்கு அதிகம் உறுத்துவது மாஸ்க்தான். மெஷின் ஒருமுறை வாங்கினால் சில வருடங்கள் ஓடும். மாஸ்க்கின் கதை வேறு. மூக்கைச் சுற்றி உட்காருகிற சிலிக்கான் குஷன் ராத்திரி முழுக்க முகத்து எண்ணெயில் ஊறும். எவ்வளவு கழுவினாலும் சில மாதங்களில் தொளதொளவென்று ஆகிவிடும். மூக்குத்தண்டின் மேல்பக்கத்தில் முதலில் காற்று கசியும். மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். கசிகிற காற்று நேராகக் கண்ணுக்குள் அடித்து, காலையில் கண் சிவந்து எழுந்திருப்பார். சரி, இறுக்கிக் கட்டலாம் என்று பட்டையை இழுத்தால், பட்டையும் இழுவை விட்டுப் போயிருக்கும். இன்னும் இறுக்கினால் கன்னத்தில் தடம் விழுந்து மத்தியானம் வரைக்கும் மறையாது. வெள்ளையாக இருந்த பில்டர் சாம்பல் நிறத்துக்கு வரும். ஈரப்பதம் தருகிற தண்ணீர்த் தொட்டியின் அடியில் உப்புப் படியும். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு மூன்று மாதத்துக்கு ஒரு மாஸ்க்குக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு பட்டைக்கும் பணம் தருகிறது என்றால், இவை தேய்ந்துபோகிற பொருள்கள் என்பதை ஒரு அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. அப்படிப்பட்ட காப்பீடு இல்லாதவர்கள் பழைய குஷனையே ஓட்டுகிறார்கள். கசிவு தாங்காமல் பாதி ராத்திரியில் கழற்றி வைக்கிறார்கள். நாளடைவில் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

கம்பெனிகள் சொல்கிற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் பாதி நியாயம் இருக்கிறது. சிபாப் என்பது பெட்டியைப் பிரித்துச் சொருகிவிடுகிற பொருள் இல்லை. டாக்டர் எழுதிய அழுத்தத்தை மெஷினில் வைக்க வேண்டும். அழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தின் உயரத்தை வைத்துச் சொல்வார்கள். பெரும்பாலான மெஷின்களில் அது 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை போகும். முகத்தை அளந்து, மூக்கு மட்டும் மூடுகிற மாஸ்க் போதுமா, வாயையும் சேர்த்து மூட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் நோயாளி பயந்துபோய்க் கழற்றிவிடாமல் பேசிப் பழக்க வேண்டும். என் கணவருக்கு இதையெல்லாம் செய்தவர் ஒரு டெக்னீஷியன். மாஸ்க்கைப் போட்டுப் படுக்க வைத்து, இந்தப் பக்கம் திரும்புங்கள், அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று பொறுமையாகப் பார்த்துப் பார்த்துப் பட்டையைச் சரிசெய்தார். அவர் இல்லையென்றால் இந்தச் சிகிச்சையே நடந்திருக்காது. இப்படி உழைக்கிற கடையில் போய் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு இணையத்தில் மலிவாக வாங்கினால் அந்தக் கடை நிற்குமா என்று கம்பெனிகள் கேட்கின்றன.

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விலையை மறைப்பதா வழி? டெக்னீஷியனின் உழைப்புக்குத் தனியாகக் கட்டணம் போடுங்கள், பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். அதே மாடல், அதே அளவு குஷனை மறுபடியும் வாங்கும்போது எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டிமேல் இருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குகிறேன். பில்டருக்கு என்ன பயிற்சி வேண்டும்? அதற்கும் சேர்த்து விலையைப் பூட்டி வைக்கும்போது, சேவையைக் காப்பாற்றுகிறோம் என்கிற காரணம் எனக்குச் செல்லுபடியாகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் உற்பத்தியாளர் குறைந்தபட்ச விற்பனை விலையைக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1911-இல் சொன்னது. அதுவும் ஒரு மருந்துக் கம்பெனியின் வழக்குதான். 2007-இல் தோல் பொருள்கள் செய்யும் லீஜின் என்கிற கம்பெனியின் வழக்கில், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக நின்று அந்தப் பழைய தீர்ப்பு மாற்றப்பட்டது. அதன்பின் அப்படிப்பட்ட ஏற்பாடு தானாகவே குற்றம் ஆகாது, ஒவ்வொரு வழக்காக நன்மை தீமையை எடைபோட வேண்டும் என்று ஆனது. இந்த 2007 தீர்ப்பை ஏற்காமல் 2009-இல் மேரிலாந்து மாகாணம் தனக்கென்று ஒரு தடைச் சட்டம் போட்டுக்கொண்டது. ஆஸ்திரேலியா குறைந்தபட்ச விற்பனை விலையைத் திணிப்பதைச் சட்டப்படியே தடை செய்திருக்கிறது. இந்தியாவின் 2002 போட்டிச் சட்டத்தில் 3(4) பிரிவு மறுவிற்பனை விலைக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. போட்டிக்குக் கேடு விளைந்தது என்று நிரூபித்தால்தான் அங்கே நடவடிக்கை.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிந்தது பிரிட்டன் செய்ததுதான். நடக்க முடியாதவர்கள் ஓட்டுகிற மின்சார ஸ்கூட்டர்களில் இதே கதை நடந்தது. ஒரு கம்பெனி கடைக்காரர்கள் இணையத்தில் விற்கவும் விலை போடவும் தடை விதித்தது. இன்னொரு கம்பெனி சொன்ன விலைக்குக் கீழே இணையத்தில் காட்டக்கூடாது என்றது. 2013-லும் 2014-லும் அங்கிருந்த நியாய வர்த்தக அலுவலகம் இரண்டும் சட்டமீறல் என்று முடிவு செய்தது. வீட்டை விட்டு வெளியே போய்க் கடை கடையாக விசாரிக்க முடியாதவர்களுக்கு இணையம்தானே ஒரே வழி? 2016-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் வணிகக் குளிர்சாதனப் பெட்டிகள் செய்கிற ஒரு கம்பெனிக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. இணையத்தில் குறைந்தபட்ச விளம்பர விலை வைப்பதும் விற்பனை விலையைக் கட்டுப்படுத்துவதுதான் என்பதே அதன் நிலைப்பாடு. குளிர்சாதனப் பெட்டிக்குப் பொருந்துவது மூச்சுக் கருவிக்குப் பொருந்தாதா?

சிபாப் சந்தையில் இப்போது இது இன்னும் அவசரம். இந்தச் சிகிச்சையை 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உலகுக்குச் சொன்னார். அத்தனை வருடங்களுக்குப் பிறகும் பெரும்பங்கு வியாபாரம் மிகச் சில கம்பெனிகளின் கையில்தான் இருந்தது. அவற்றில் ஒன்றான பிலிப்ஸ், சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பொருள் உதிரக்கூடும் என்று 2021 ஜூனில் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2024-இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே புது மெஷின்கள் விற்பதையும் நிறுத்திவிட்டது. பெரிய போட்டியாளர் ஒருவர் ஒதுங்கிய பிறகு கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் போட்டி குறைந்துவிட்டது. கடைக்கும் கடைக்கும் நடுவிலாவது போட்டி இருந்தால்தான் விலை இறங்கும். அதையும் ஒரு கடிதத்தால் அடைத்துவிடலாம் என்றால் வாங்குகிறவர் எங்கே போவது?

நான் விலை உச்சவரம்பு கேட்கவில்லை. டீலர் எந்த விலைக்கு விற்கத் தயாராக இருக்கிறாரோ அந்த விலையை அவர் தன் பக்கத்திலேயே எழுதட்டும் என்றுதான் கேட்கிறேன். நோயாளிக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுகிற கருவிகளுக்கும் உதிரிகளுக்கும் குறைந்தபட்ச விளம்பர விலை செல்லாது என்று போட்டி ஆணையங்கள் அறிவிக்க வேண்டும். மருத்துவர்கள் சீட்டில் வெறுமனே சிபாப் என்று எழுதாமல் அழுத்த அளவு, மாஸ்க்கின் வகை, அளவு மூன்றையும் எழுதிக் கையில் கொடுத்தால் எங்களால் ஒப்பிட்டு வாங்க முடியும். டீலர்களுக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் நிருபர்கள் இந்தக் கம்பெனிகளிடம் நேரடியாகக் கேட்டு, வருகிற பதிலை அப்படியே வெளியிட வேண்டும். அதுவரை, சிபாப் வாங்கப் போகிற வாசகர்கள் பக்கத்தில் போட்டிருக்கிற விலையோடு நிறுத்திக்கொள்ளாமல், கூடையில் சேர்த்துப் பாருங்கள், போன் செய்தும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி