கப்பல் வந்தது, சரக்கு கரையேறவில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். இயற்கைப் பேரிடர் நேரத்தில் வெளிநாட்டு உதவியை மறுக்கும் அரசுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இறையாண்மை என்ன வேண்டிக் கிடக்கிறது, உலக நாடுகள் உள்ளே புகுந்துவிட வேண்டியதுதானே என்று கட்டுரையாளர் கேட்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் புகுந்த பிறகு என்ன செய்வது என்பதை அவர் எழுதவே இல்லை.

அவர் காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவைத் துடைத்துப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். ராணுவ ஆட்சியோ நிவாரணப் பணியாளர்களுக்கு விசா கொடுக்காமல் இழுத்தடித்தது. எட்டாம் நாளே புயல் தொடாத பகுதிகளில் அரசியல் சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடத்த மட்டும் அதற்கு நேரம் இருந்தது. அப்போது பிரான்சின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் பெர்னார் குஷ்னேர், ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலக நாடுகள் தலையிடலாம் என்ற ‘பாதுகாக்கும் பொறுப்பு’ கொள்கையைச் சொல்லி, அனுமதி இல்லாமலே உதவியைக் கொண்டு சேர்க்கலாம் என்றார். சுமார் ஆயிரம் டன் பொருளோடு பிரெஞ்சுக் கடற்படையின் மிஸ்ட்ரால் கப்பல் கடலில் காத்துக் கிடந்தது. அமெரிக்கக் கப்பல்களும் நின்றன.

என்ன ஆயிற்று? மிஸ்ட்ரால் தாய்லாந்தின் புகெட்டுக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியது. அமெரிக்கக் கப்பல்கள் ஜூன் தொடக்கம் வரை பார்த்துவிட்டுப் போய்விட்டன. 2005-இல் ஐ.நா. உச்சி மாநாடு ஏற்ற அந்தக் கொள்கை இனப்படுகொலை, போர்க் குற்றம், இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற நான்கைத்தான் பேசுகிறது. புயல் அதில் இல்லை. சட்டத்தை விடுங்கள். டெல்டா முழுக்க ஓடையும் சேறும். ஊரறிந்த படகுக்காரன் இல்லாமல் ஒரு மூட்டை அரிசிகூட உள்ளே போகாது. வானத்திலிருந்து வீசினால் பலசாலி தூக்கிக்கொண்டு போவான், பிள்ளையை இழந்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு எதுவும் கிடைக்காது.

கதவைத் திறக்க வைத்தது அக்கம்பக்கம்தான். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நாடுகள் மே 19 அன்று சிங்கப்பூரில் கூடி, நாங்கள் முன்னால் நிற்கிறோம் என்றன. மே 23 அன்று அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் நேரில் போய், ராணுவ ஆட்சித் தலைவரான தளபதி ‘தான் ஷ்வே’யைப் பார்த்தார். அப்புறம் மியான்மர் அரசு, ஆசியான், ஐ.நா. மூன்றும் சேர்ந்த ஒரு குழு வேலையைக் கவனித்தது. ஒருவர் வீட்டு விஷயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்று சபதம் எடுத்த சங்கம் ஆசியான்! அதைத்தான் தளபதிகள் நம்பினார்கள். மூன்று வாரம் போய்விட்டதே என்றால், ஆம், போய்விட்டது. அதை நான் நியாயப்படுத்தவில்லை.

சரி, கதவு திறந்தே இருந்தால்? 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தடுக்க யாருமில்லை. விமான நிலையத்தை அமெரிக்க ராணுவம் நடத்தியது. எல்லைகளற்ற மருத்துவர்களின் பொருள்களோடு வந்த விமானங்களுக்கே இறங்க இடமில்லாமல் பக்கத்து டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்த அக்டோபரில் காலரா வந்தது. நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே நாட்டில் இருந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை வெள்ள நிவாரணத்துக்கு வந்த மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கப் போனேன். முதல் பெட்டியில் இருமல் டானிக் புட்டி ஒன்று உடைந்து, எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. அடியில் நாலு மாத்திரை மிச்சமிருந்த அட்டைகள், டாக்டர்களுக்குக் கொடுக்கும் சாம்பிள்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர் அச்சிட்ட ஏதோ ஒன்று. அது ரத்த அழுத்தத்துக்கா வயிற்று வலிக்கா என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேர் சாயங்காலம் வரை பிரித்ததில் தேறியது இரண்டு பெட்டி. முகாமில் கேட்டது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அது மட்டும் வரவில்லை.

இதுவே பெரிய அளவில் நடந்தது இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் 600 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. மருந்தை அழிப்பதற்கும் காசு வேண்டும், அதை யாரும் நன்கொடையாக அனுப்புவதில்லை. முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள், குறைந்தது ஓராண்டாவது ஆயுள் மீதமுள்ளதை அனுப்புங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே எழுதி வைத்திருந்தது.

கட்டுரையாளர் சொல்வது சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு, அப்போது கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த வடமேற்கு சிரியா. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தின்போது துருக்கியிலிருந்து அங்கே போக ஐ.நா.வுக்குப் பாதுகாப்பு அவை அனுமதித்திருந்தது பாப் அல்-ஹவா என்ற ஒரே வழிதான். ஐ.நா.வின் முதல் வாகன வரிசை 9-ஆம் தேதி போனது, ஆறே லாரி. இடிபாட்டுக்குள் சிக்கியவர்களுக்கு முதல் மூன்று நாள்தான் கணக்கு. மேலும் இரண்டு வழிகளைத் திறக்க அப்போதைய சிரிய அதிபர் அசாத் சம்மதித்தபோது தேதி 13. அதற்குள் உள்ளூர்த் தொண்டர்கள் கிடைத்த கருவிகளோடு தோண்டி முடித்திருந்தார்கள்.

இதற்குப் படை அனுப்புவதல்ல வழி. விசா, சுங்கம், வெளிநாட்டு மருத்துவரின் உரிமம், விமானம் இறங்க அனுமதி எல்லாவற்றையும் பேரிடருக்கு முன்பே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று செஞ்சிலுவை இயக்கம் 2007-இல் வழிகாட்டு நெறிகளே தந்திருக்கிறது. புயல் அடித்த பிறகு ஓர் அரசிடம் கதவைப் பற்றிப் பேசுவது கடினம், அடிக்கும் முன் பேசலாம். அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன்.

கடைசியாக ஒரு திருத்தம். 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தில் மொராக்கோ எல்லா உதவியையும் மறுத்தது என்று அச்சாகியிருக்கிறது. அப்படியில்லை. ஸ்பெயின், பிரிட்டன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகளின் குழுக்களை ஏற்றுக்கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் ஒருங்கிணைக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். மலைச்சாலைகள் சரிந்து கிடந்த நிலையில் அது பொய்யான காரணம் அல்ல. அந்த நாலு பேரைப் பொறுக்கியதில் அரசியலும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர், உங்கள் நெடுநாள் வாசகர்