பாப்பாவின் பள்ளிக்கூடம் பற்றி அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் நீ 'சரிம்மா, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவை நம் பக்கம் சேர்த்தால் எந்தப் பள்ளிக்கூடம் சரியாக இருக்கும் என்று கேட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் ஒன்றியத்தில் எந்தப் பள்ளியில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்பதுவரை சத்துணவு அமைப்பாளராக இருந்தவளுக்குத் தெரியும். இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளி இப்போது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொள்கிறார். அதுதான் குறை. ஆனால் டீச்சர் தங்கமானவர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலையைப் பார்த்து, தொடக்க நிலை அரும்பு, அடுத்து மொட்டு, மலர் என்று பிரித்துத்தானே பாடம் நடக்கிறது. நான் போன அன்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் உட்கார்ந்து, குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு கட்டில் ஒன்பதுதான் இருந்தது. டீச்சர் தவறென்று சொல்லவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 'இன்னொரு தடவை எண்ணு' என்றார், அவ்வளவுதான். அவனே கண்டுபிடித்தான். அந்தப் பொறுமை நீ கட்டணம் கட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்.

கடைவீதி நடுநிலைப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும், மணல் லாரி வருகிற ரோடு. பாதர் பள்ளி உதவி பெறும் பள்ளி, படிப்பு நன்றாக இருக்கும், ஆனால் பஸ்ஸில்தான் போய் வர வேண்டும். வேன் வைத்துப் பிள்ளை பிடிக்கிற பள்ளிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இரண்டு அரசுப் பள்ளியிலும் காலையில் சாப்பாடு உண்டு. மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும். மத்தியானம் முட்டை. பாப்பா சரியாகச் சாப்பிடுகிறாளா? வீடியோவில் முகம் வாடித் தெரிந்தது. உன் காதும் வெறுமையாக இருந்தது. கம்மலைக் கழற்றி வைத்திருப்பாய், மறந்துபோய்ப் போட்டிருக்க மாட்டாய். சரி.

நடுவில் சேர்க்க முடியுமா என்று கேட்டாயே, முடியும். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. டி.சி. வரத் தாமதம் என்று அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. பாப்பா இப்போது படிக்கிற பள்ளியில் பாக்கி ஏதாவது இருந்து, அதைச் சொல்லி டி.சி.யைத் தர மறுத்தாலும் நீ பயப்படாதே. எமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவேட்டில் பாப்பாவை காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளி எடுத்துக்கொள்கிற பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லு. விடாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேசிக்கொள்ளலாம் என்று கடைவீதித் தலைமையாசிரியர் சொன்னார். பாக்கி இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. இருந்தால் என்கிறேன்.

அவ்வளவு கட்டணம் வேண்டாம் என்று அன்றே சொன்னேன், 'உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா' என்றாய். நீ படித்தது எங்கே? இந்த அரசுப் பள்ளியில்தானே. கணக்குப்பதிவியலில் பள்ளியிலேயே நீதான் முதல். இன்றைக்கும் அந்த சார் என்னைப் பார்த்தால் உன்னைத்தான் விசாரிக்கிறார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் முடிவைக் கேட்டால், நடுநிலைப் பள்ளிதான். ஊர்ப் பள்ளி டீச்சரை விட மனமில்லைதான், ஆனால் அவருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வது? நடுநிலைப் பள்ளியில் எட்டுவரை ஒரே இடம். காலையில் ரோட்டைத் தாண்டி நானே கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் கூட்டி வருகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது, அதற்கும் இதே கணக்குத்தான். அவள் டாக்டராக வேண்டும் என்று சொல்லவில்லை. கதவு திறந்திருக்கட்டும் என்கிறேன்.

செலவை நினைக்காதே. எனக்கு வருகிற பென்ஷன் பாப்பாவின் நோட்டுக்கும் பென்சிலுக்கும் போதும். ஊர் என்ன சொல்லும் என்றும் நினைக்காதே. அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த நாளில் நான் சைக்கிள் பழகியபோது உன் அப்பத்தா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறிய பிறகு யார் வாயைத் திறந்தார்கள்?

இந்த விவரத்தையெல்லாம் மாப்பிள்ளைக்கும் சொல்லு. அவரும் வருவதாக இருந்தால் மாடி அறையைக் காலி செய்து தருகிறேன். வரவில்லை என்றாலும் காலி செய்து தருகிறேன்.

பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் நம்பர் மூன்றையும் எடுத்து வை. எல்லாம் உன் கையில் இருக்கட்டும், வேறு யாரிடமும் கொடுத்து வைக்காதே. எடுத்து வைத்ததும் ஒரு போன் போடு. காலையில் அப்பா பால் ஊற்றப் போயிருக்கும்போது போடு, நான் தனியாகத்தான் இருப்பேன். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
அம்மா