செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25 பருவம்

தலைவர், செயற்குழுவினர், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் நம் பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கிப் பயிற்சிகள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டது வெட்டுத் தடுப்பு உடுப்புகள் பற்றித்தான். ஆகவே அதற்கே வருகிறேன்.

2023 ஒக்ரோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஆட்டத்தின்போது ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர் ஆடம் ஜோன்சன் கழுத்தில் ஸ்கேற் பிளேட் பட்டு இறந்தார். அதற்குப் பிறகு பல நாடுகளில் விதிகள் இறுகின. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்குக் கழுத்துக் காப்பு அதற்கு முன்பே கட்டாயம். கியூபெக் தரநிர்ணய அமைப்பின் பிஎன்கியூ (BNQ) முத்திரையும் அதில் இருக்கவேண்டும். எனவே எதை வாங்குவது என்பதில் குழப்பமில்லை. வியர்க்குது என்று பிள்ளைகள் அதைத் தளர்த்துவதும் கத்தரிப்பதும்தான் தொல்லை. கத்தரித்த காப்பில் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கழுத்துப் பட்டி சேர்த்துத் தைத்த உள்சட்டையே நல்லது. காசு கொஞ்சம் கூட, ஆனால் வீட்டில் மறந்துவிட்டு வர வழியில்லை.

விதி கைவிட்ட இடங்கள் மணிக்கட்டும் குதிகாலும். 2013இல் என்எச்எல் (NHL) தொழில்முறை ஆட்டக்காரர் எரிக் கார்ல்சனுக்குக் குதிகால் தசைநாண் வெட்டுப்பட்டது. 2022இல் அதே லீக்கில் ஆடும் இவாண்டர் கேனுக்கு மணிக்கட்டு. இருவரும் தேறி மறுபடி விளையாடினார்கள், ஆனால் இருவருமே வளர்ந்த, தேர்ந்த ஆட்டக்காரர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

காலுறை வாங்கும்போது வெட்டைத் தாங்கும் திறனைக் காட்டும் ஏ1 முதல் ஏ9 வரையான அமெரிக்கத் தரநிலையைப் பாருங்கள். ஏ5 என்றால் பரிசோதனையில் குறைந்தது 2200 கிராம் பாரத்தைத் தாங்கியது. அந்தப் பரிசோதனை நேரான சவர பிளேட்டைக் கொண்டு செய்வது. பாய்ந்துவரும் ஸ்கேற்றைக் கொண்டல்ல. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். எண்ணே போடாமல் ‘வெட்டுப்படாது’ என்று மட்டும் எழுதி விற்பதை என் கையால் வாங்கமாட்டேன். அப்புறம், வெட்டைத் தாங்கும் கெவ்லர் அல்லது டைனீமா இழை காலுறை முழுவதும் இருக்கிறதா, குதிப்பக்கம் மட்டுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஸ்கேற்றின் மேல் விளிம்போடு முடியும் கட்டைக் காலுறை வீண். முழங்கால் காப்புக்குள் போகும் நீளம் வேண்டும். மணிக்கட்டுப் பட்டியும் அப்படித்தான்: கையுறைக்கும் முழங்கைக் காப்புக்கும் நடுவிலுள்ள வெறும் தோலை மூடவேண்டும்.

கெவ்லர் உடுப்பைப் பிளீச் போட்டுத் தோய்க்காதீர்கள், இழை நலிந்துவிடும்.

செப்டெம்பரில் முதல் பயிற்சிக்கு முன் உடுப்புப் பரிசோதனை நடத்தச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பிள்ளைகளை முழு உடுப்போடு கூட்டி வாருங்கள்; பைக்குள் வைத்துக் காட்டினால் ஏற்கமாட்டோம்.

செயலாளர்