பழுப்பேறிய வின்செஸ்டர்

டென்வர்

அன்புள்ள குமரேசா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுவிடு.

சரி, என் சேதி. கடைசியில் எனக்கு ஒரு நல்ல 1873 மாடல் வின்செஸ்டர் ரைபிள் கிடைத்துவிட்டது. முதலில் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுசாக நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன். குழல்மேல் பொறித்த எழுத்துகளின் விளிம்பெல்லாம் மழுங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் கையில் எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டார்கள். பல நாள் மனசு ஆறவில்லை.

இது அப்படியில்லை. இரும்பு முழுக்க, நம் வீட்டுப் பழைய அரிவாள்மனை மாதிரி பழுப்பேறிக் கிடக்கிறது. குழலுக்கு அடியிலுள்ள மரம் ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது. சேணத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் குதிரையில் போனால்தான் அங்கே அப்படித் தேயும். லீவரைக் கீழே தள்ளினால், தோட்டாவைத் தூக்கிவிடும் பித்தளைக் கட்டை மேலே வருகிறது. இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது!

வயோமிங்கில் கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. என் துப்பாக்கியின் எண்ணை எழுதிப் போட்டேன். 1884, எட்டுப் பட்டை வைத்த குழல் என்று பதில் வந்தது. யார் வாங்கினார்கள் என்பதைப் பெரும்பாலும் அதில் எழுதுவதில்லையாம்.

2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் இதே மாடல் ஒன்று கிடைத்தது. ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி நின்றிருக்கிறது. தோளில் பதிக்கும் பின்கட்டை மண்ணில் புதைந்து, அதன் மரம் வெளுத்து வெடித்துவிட்டது. 1882-இல் செய்தது. முதலில் 50 டாலர் விற்ற துப்பாக்கி அந்த வருஷம் 25 டாலருக்கு வந்துவிட்டதால், பண்ணையாள், சுரங்கக்காரன் என்று யாரும் வாங்கியிருக்கலாம். அதையும் கோடிக்குத்தான் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது பின்கட்டைக்குள் ஒரு தோட்டா தெரிந்தது. புதுப்பிக்கவில்லை, மேற்கொண்டு சிதையாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், குமரேசா. சாய்த்து வைத்தவன் ஏன் திரும்பி வரவில்லை என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

அதைப் படித்த பிறகு என்னுடையதன் பின்கட்டை மூடியையும் திறந்து பார்த்தேன். தோட்டா இல்லை. குழல் துடைக்கும் கம்பியில் இரண்டு துண்டு, அதைச் சுற்றி எண்ணெய் உறைந்த ஒரு கந்தல். எடுத்த மாதிரியே திரும்ப வைத்து மூடிவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் அம்மா கண்ணாடி போட்டுவிட்டார்களா என்று எழுது.

அன்புடன்,
ரகு