துவக்கு உனக்கே, மச்சான்

மச்சான்,

வேட்டை லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை அழித்துவிட்டேன். இனி வரமாட்டேன். துவக்கை நீயே வைத்துக்கொள். வாங்கும் அனுமதியை எடு, வியாபாரி ஊடாக எழுதிவிடலாம். காசைப் பற்றிப் பிறகு கதைப்போம். இல்லை, கதைக்கவே வேண்டாம்.

எந்த ஆறு, எந்தப் பள்ளம் என்று இங்கே எழுதமாட்டேன். வெள்ளவத்தையில் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று: இங்கே இலங்கையில் மரையில் (கடமானில்) கைவைத்தால் வழக்கு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அது 1860களில் வெள்ளைக்காரர் கொண்டுபோய் விட்டுப் பெருகிய மிருகம். லைசென்ஸ் இருந்தால், நடந்துபோய்ச் சுட ஆண்டு முழுக்க அனுமதி. நாங்கள் கள்ள வேட்டைக்காரர் இல்லை.

அந்தப் பின்னேரத்தில்தான் மனம் போய் நிற்கிறது. வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே போகும். சாய்ந்தால் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். பின்னேரத்தில் மரைக்குக் கீழே நிற்கவேண்டும். நீ மேட்டு விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினாய். எங்கள் வாடை முதலில் எட்டியது பெண்மரைக்கு. முன்காலால் நிலத்தை ஒருதரம் உதைத்தது, வாலை உயர்த்தி 'பாங்' என்று ஒரு சத்தம். பற்றைக்குள் கிடந்த கொம்பன் எழுந்து திரும்பிவிட்டது.

உன் வெடி பின்னுக்குப் பட்டது. துவக்கு .270 அங்குலக் குழல், குண்டு 130 கிரெய்ன் எடை. சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த அளவு அதுதான், ஆனாலும் துவக்கில் பிழை இல்லை. பட்ட இடம் பிழை. 'வெடி வை' என்று காதுக்குள் சொன்னது நான். அதற்கு மன்னித்துக்கொள். நான் சொல்லாவிட்டாலும் நீ வைத்திருப்பாய் என்பது வேறு கதை.

பன்ன இலையில் இரத்தத்தைத் தொட்டு மோந்து பார்த்தாய். இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல். இது கறுத்திருந்தது, அரைபட்ட புல் பச்சையாய் ஒட்டியிருந்தது, புளித்த மணம். குடல். குடலில் பட்டது கிட்டத்தான் போய்ப் படுக்கும். 6 மணித்தியாலமாவது விட்டால் அங்கேயே செத்துக் கிடக்கும். துரத்தினால் எழும்பி ஆற்றைக் கடக்கும். நீ 10 நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் மதியம் கண்டபோது வயிறு ஊதியிருந்தது. பின்தொடையை எலும்புவரை கீறினாய். வெளியே நல்ல சிவப்பு, எலும்பைச் சுற்றிப் பச்சை. அந்தத் தடித்த தோல் சூட்டை விடாது, எலும்போரம்தான் முதலில் பழுதாகும். நேரத்தோடு எடுத்திருந்தால் வயிற்றைத் திறக்கவே தேவையில்லை. பிடரியிலிருந்து வால்வரை முதுகில் கீறித் தோலை உரித்தால் போதும். முன்சப்பை எலும்பு உடம்போடு பொருந்தியதில்லை, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பின்தொடைக்கு இடுப்புக் கிண்ணத்தைக் கழற்றவேண்டும், அவ்வளவுதான். பருத்திப் பையில் போட்டுக் காற்றுப்படும் நிழலில் தொங்கவிட்டிருக்கலாம். (கறுப்புக் குப்பைப் பையில் போடுகிறவர்களோடு எனக்குக் கதையே இல்லை.)

கத்தியைத் துடைத்துவிட்டு, அதன் கழுத்து மயிரில் கைவைத்தபடி கன நேரம் இருந்தாய். அப்போது உன்னில் கோபமே வரவில்லை. பிறகு கல்யாண வீட்டில், 'இவன்தான் அவசரப்படுத்தினான்' என்று சிரித்தாயே, அப்போதுதான் வந்தது. அன்றிரவு கூடாரத்தில் சொன்ன மற்றதை எழுதமாட்டேன். அக்காவும் வாசிப்பா.

இறைச்சிப் பைகள் பச்சைப் பெட்டிக்குள் இருக்கின்றன. மணச் சவர்க்காரம் போடாமல் தோய். அந்த முழங்காலோடு தனியே பள்ளத்தில் இறங்காதே, ஏற்றத்தில் சுமக்க நான் இல்லை.

கத்தியை மட்டும் கொழும்புக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல், கைப்பையில் வேண்டாம்.