வாடகை இல்லாத கடை

தம்பிக்கு, ஆத்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். சென்னை வேலையை விட்டுவிட்டு நம் வீட்டு முகப்பில் காபிக்கடை போட்டால் வாடகை கிடையாது, செலவு போக மாதம் 40,000 நிற்கும் என்கிறாய். கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. சில வரிகளைத்தான் காணோம்.

என் பலகாரக் கதையைக் கேள். மாவு, எண்ணெய், வெல்லம், கேஸ் எல்லாம் போக மனகோலத்தில் கிலோவுக்கு 80 ரூபாய் லாபம் என்று நாலு வருஷம் பெருமை பேசினேன். போன தீபாவளிக்கு முழங்கால் வலி, உட்கார்ந்து பிழிய முடியவில்லை. நாள் கூலி 600-க்கு ஓர் அம்மாவை வைத்தேன். ஒரு நாளைக்கு 8 கிலோ, 640 ரூபாய். கூலி போக மிஞ்சியது 40! அத்தனை நாளும் லாபம் என்று முடிந்து வைத்தது என் கூலியைத்தான்.

அதே வாரம் படப்பிடிப்புக்காரர்கள் நம் வீட்டு வளவு முற்றத்தை இரண்டு நாள் வாடகைக்குக் கேட்டார்கள். மாவு மூட்டையும் டின்னுமாகக் கிடந்தது, முடியாதென்றேன். அந்த வாடகையும் பலகாரச் செலவில் சேர வேண்டியது. நான் எங்கே எழுதினேன்?

ஒன்றைச் செய்வதற்காக இப்படிக் கைவிடுகிற வருமானத்தைப் பொருளியல் படித்தவர்கள் வாய்ப்புச் செலவு என்கிறார்கள். பாட்டையா காலத்து ரங்கூன் வட்டிக்கடைகளில், முதலாளி தன் முதலுக்கு மேல் போட்ட பணத்துக்கும் வட்டி எழுதினார்கள். சொந்தப் பணம்தானே என்று விடவில்லை.

சரி, உன் கணக்குக்கு வருகிறேன். நீ விடப்போகும் சம்பளம் 38,000. போடப்போகும் 6 லட்சத்தை 7 சதவீதத்துக்கு டெபாசிட் செய்தால் மாதம் 3,500. முகப்பை ஆத்தங்குடிக் கல் வியாபாரி கேட்ட வாடகை 6,000. ஆக 47,500. துண்டு விழுவது 7,500. முகத்தைத் தூக்காதே, சென்னையில் நீ கொடுக்கும் வீட்டு வாடகை 12,000 மிச்சமாகும், அதையும் நீ எழுதவில்லை. சேர்த்தால் 4,500 தேறுகிறது.

ஆனால் அந்த 40,000 எந்த மாதத்துக் கணக்கு? மார்கழி, தையில் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்களா?

அப்புறம், காபி மெஷினுக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது என்றால் அதை இதில் இழுக்காதே. கடை போட்டாலும் போடாவிட்டாலும் அது போன காசு.

சித்திரை மாதத்துக்குத் தனியாக ஒரு கணக்குப் போட்டு அனுப்பு. சீப்பு சீடை இரண்டு டப்பா பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். காசு வேண்டாம், டப்பாவை மட்டும் மறக்காமல் கொண்டு வா.

உன் ஆத்தா
காரைக்குடி