நார்விச்சிலிருந்து ஒரு கடிதம்: சாண்ட்ரிங்ஹாம் மாளிகையின் இரும்பு வாசல்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பட்டறையை மகன் எடுத்து நடத்துவதில் மகிழ்ச்சி. ஆனால், கேட்டுக்கு வேண்டிய பூவேலையையெல்லாம் லேசர் கட்டிங்கில் வெட்டி வாங்கிப் பற்றவைப்பதோடு சரி, உலையும் சம்மட்டியும் மூலையில் கிடக்கின்றன என்று நீங்கள் மனம் நொந்து எழுதியிருந்ததைப் படித்த அதே வாரத்தில்தான், மகள் என்னை இங்கிலாந்து அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்கு அழைத்துச் சென்றாள்.

மாளிகைக்குள் நுழையும் முன்பே நார்விச் கேட் என்ற இரும்பு வாசல் என்னை நிறுத்திவிட்டது. தாமஸ் ஜெக்கில் வரைந்து கொடுக்க, பார்னார்ட், பிஷப் அண்டு பார்னார்ட்ஸ் என்ற நார்விச் இரும்பாலை வார்ப்பிரும்பிலும், காய்ச்சி அடித்து வளைக்கும் தேனிரும்பிலும் செய்த வாசல் அது. 1862-இல் லண்டன் சர்வதேசப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட அதை, மறு ஆண்டு பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான இளவரசர் எட்வர்டின் திருமணத்துக்கு நார்விச் நகரத்தாரும் அதைச் சூழ்ந்த நார்ஃபோக் மாவட்ட மக்களும் சீராகக் கொடுத்தார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு எழுப்பிய இன்றைய மாளிகை முடிந்ததோ 1870-இல். ஆக, வீட்டுக்கு வாசல்தான் மூத்தது. பாவம், ஜெக்கில் 1881-இல் மனநோய் விடுதியில் இறந்துபோனார்.

கொடியும் இலையுமாக இரும்பு படர்ந்திருக்கிறது. ஓர் இலையை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பு லேசாகச் சுருண்டு, இரண்டு நாள் வெயில் பட்ட வெற்றிலை போல இருந்தது.

இந்த ஆலையின் முதலாளி சார்லஸ் பார்னார்ட், துணி நெய்யும் தறியைப் பார்த்து 1844-இல் கம்பிவலை பின்னும் இயந்திரம் அமைத்தவர். கோழிக்கூண்டுக்கு வலை பின்னிய அதே ஆலைதான் இளவரசருக்கு வாசலும் அடித்திருக்கிறது. இதை மகனிடம் சொல்லுங்கள்; உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு இரும்பு தப்பியதே பெரிது. இரண்டாம் உலகப் போரின்போது நாடெங்கும் கம்பி வேலிகளையும் கேட்டுகளையும் பழைய இரும்புக்காக அறுத்தெடுத்தார்கள். கலைமதிப்பு உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மகள் வீட்டுத் தெருவின் விக்டோரியா காலத்துக் குட்டைச் சுவர்களில், அறுத்த கம்பிகளின் அடிக்கட்டைகள் ஈயத்தில் பதிந்தபடி இன்னும் வரிசையாக நிற்கின்றன.

படங்கள் அனுப்பியிருக்கிறேன். நான்காவது படத்தில் கொடி சட்டத்தோடு சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது ரிவெட் ஆணியால் இணைத்ததா, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டியதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்